மூன்று அடுப்பும் முப்பத்தாறு வீடும்

1

இரண்டு வாரத்துக்கு முன் என் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஓட்டை தேடினார். டென்மார்க்கில் இதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். வெப்பம் எந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கையில் ஊதுவத்தி போல ஒரு புகைக்குச்சி. அதைச் சன்னல் ஓரம், கதவிடுக்கு, தபால் போடும் துவாரம் என்று ஒவ்வொன்றுக்கும் தீபாராதனை காட்டிக்கொண்டே போனார். புகை நேராக எழுந்தால் வீடு யோக்கியம். ஆடினால் குற்றம்.

சமையலறையில் புகை ஆடவில்லை, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. என் மனைவி செல்வி மீன் வறுப்பதற்காகச் சன்னலை ஒரு முழம் திறந்து வைத்திருந்தாள்.

"இது எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?" என்று கேட்டார்.

"மீன் வேகிறவரைக்கும்" என்றேன்.

அதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. கொஞ்சம் யோசித்து, 'நிரந்தரக் கசிவு' என்று எழுதிக்கொண்டார். எங்கள் மகள் லீனா அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவளுக்குப் பதினொரு வயது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இரண்டு மூச்சு விடுவதற்குள் சாத்தவில்லையென்றால் அதட்டுவாள். தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் வரும், ஆனால் அதட்டல் எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது.

போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நகராட்சிச் செய்தித்தாளில் என்னைப் பற்றிப் படித்தாராம். "உங்கள் கிராமத்தில் முப்பத்தாறு குடும்பங்களைப் புகையிலிருந்து விடுவித்திருக்கிறீர்கள். இந்த ஊருக்கே பெருமை" என்றார். நானும் கூச்சப்படுவதுபோல் சிரித்து நன்றி சொன்னேன். உள்ளேயிருந்து செல்வி, "வெக்கமே இல்ல" என்றாள். நல்லவேளை, தமிழில் சொன்னாள்.

அந்த முப்பத்தாறு குடும்பங்களின் கதையை அன்றுவரை இந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் உங்களிடம் முழுதாகச் சொல்கிறேன்.

2

நான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவன். கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போய், எழுபத்து மூன்றில் இந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கி, மீன் தொழிற்சாலையில் மீன் அறுக்க நின்றுவிட்டேன். கடல் தாண்டி வந்தும் மீன் நாற்றம் என்னை விடவில்லை.

வந்த ஆண்டே இங்கே எண்ணெய் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடுச்சாலையில் நடந்து, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இதை ஊரில் இருந்த நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, எழுதினேன். அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பதில் எழுதவைத்தார்: 'அங்கயும் நடந்துதான் போவணும்னா அனுப்பம்பட்டு ஸ்டேசனுக்கே நடந்து போயிருக்கலாமே, இன்னாத்துக்குக் கப்பலு?'

பிறகு இந்த ஊரில் எரிசக்திச் சிக்கனக் குழு என்று ஒன்று தொடங்கினார்கள். நான் அதில் சேர்ந்தது கொள்கைப் பிடிப்பால் அல்ல. கூட்டத்தில் காப்பியும் கேக்கும் கொடுப்பார்கள். ஆனால் சேர்ந்த மாதமே நான் நிபுணன் ஆகிவிட்டேன். மின்சாரமே இல்லாத ஊரில் பிறந்தவன், ஆகவே உலகிலேயே அதிகமாகச் சேமித்தவன் என்பது அவர்கள் கணக்கு. "நாங்கள் சேமிக்கவில்லை, எங்களுக்குக் கொடுக்கவில்லை" என்று எழுந்து சொன்னேன். என் டேனிஷில் அது பணிவாகப் போய்ச் சேர்ந்தது. கைதட்டினார்கள்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், அவர்கள் முட்டாள்கள் அல்லர். அணு உலை வேண்டாம், காற்றாலை வை, சுவருக்குப் பஞ்சு அடை, எரிப்பதைக் குறை என்று பத்து வருடமாக அரசாங்கத்தின் காதைத் தின்று, பாதியைச் சாதித்தும் இருக்கிறார்கள். அந்தப் பாதிக்காக நானும் மழையில் அட்டை பிடித்து நின்றிருக்கிறேன். மனதார நின்றேன். ஆனால் சிரிப்பும் வந்தது. இங்கே காற்றைப் பிடி என்று மானியம் கொடுத்த அதே வருடங்களில், நம் பக்கம் படகுப் பாயை இறக்கு, மோட்டாரை மாட்டு என்று மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் அதிகாரிகள் ஒரே மாதிரி கோப்பு வைத்திருந்தார்கள்.

3

என் அக்காள் பெயர் குப்பம்மா. என்னைவிட எட்டு வயது பெரியவள். அவள் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபின் குப்பத்தில் தனியாக இருக்கிறாள். சவுக்கு மிலாறுச் சுள்ளி வைத்து எரிக்கும் அடுப்பு, குனிந்தால்தான் நுழையமுடியும் கூரை, நடுவில் அவள். கடிதத்துக்குக் கடிதம் இருமல் கூடிக்கொண்டே வந்தது. பொன்னேரி டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்து, இனிப் புகையில் உட்காராதே, உட்கார்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப யாரு சமைப்பா, நீயா வந்து பொங்கிப் போடுவ?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு புகையில்லா அடுப்பு வேண்டும். இவ்வளவுதான் விஷயம். புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பும் சிமெண்டு அடுப்பு. விறகும் பாதிதான் செலவாகும் என்று சொல்லி அப்போது அரசாங்கமே கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, எங்கள் குப்பத்துப் பக்கம் மட்டும் வரவில்லை.

நான் குழுவில் கேட்டேன். தனிநபருக்கு உதவக்கூடாது என்று குழுவுக்கு விதி. ஆகவே 'என் அக்காளுக்கு' என்று கேட்கவில்லை, 'எங்கள் கிராமத்துக்கு' என்று கேட்டேன். சொல்லிப் பார்த்தபோது அதுதான் கௌரவமாகவும் இருந்தது.

எட்டு மாதம் பேசினோம். பெண்கள் இதை உண்மையில் விரும்புகிறார்களா என்று ஒருவர் கேட்டார். புகை போய்விட்டால் கூரையில் பூச்சி வராதா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டவள் வீட்டில் பூச்சியும் இல்லை, கூரையும் இல்லை. தலைவி கிர்ஸ்டன் அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய அடுப்பின் புகைப்படம் வேண்டும் என்றார். அக்காளுக்கு எழுதினேன். அவள் பழவேற்காட்டு ஸ்டூடியோவில் பட்டுப் புடவை கட்டி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அடுப்பு அதில் இல்லை. "அடுப்பப் போய் எவளாச்சும் போட்டோ எடுப்பாளா?" என்று பின்னால் எழுதவைத்திருந்தாள்.

கடைசியில் மூன்று அடுப்புக்கான தொகை தேறியது. சென்னையில் ஓர் அரசாங்க அலுவலகம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் அடுப்பு குப்பம்மா வீட்டில் என்று பட்டியலில் நானே எழுதினேன். அந்த ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

4

போன வருடம் பொங்கலுக்கு லீனாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திறப்புவிழாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். பழவேற்காடு வரை ஜீப், அப்புறம் படகு. இன்னொரு படகில் மைக், ஒலிபெருக்கி, அதை ஓட்ட டீசல் ஜெனரேட்டர். எரிசக்திச் சிக்கனம் பற்றி அரைமணி பேசினார். ஜெனரேட்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. மின்விசிறியைத் தேவையில்லாமல் ஓடவிடாதீர்கள், ஆள் இல்லாத அறையில் விளக்கை அணையுங்கள் என்றார். எங்கள் குப்பத்தில் ஒரு தேர்தலுக்குக் கம்பம் நட்டார்கள், இன்னும் எந்தத் தேர்தலுக்கும் கம்பி வரவில்லை. கம்பங்களில் வலை காயப்போடுகிறோம்.

"நாம ஃபேனே வாங்கல, அத்தப் போய் அணைக்கச் சொல்றாரே" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை.

"பெரிய மனுசன் படகேறி வந்துட்டாரு, எதனா சொல்லட்டும் வுடு" என்றாள் அக்கா, இருமிக்கொண்டே.

மத்தியானம் இறால் குழம்போடு விருந்து முடிந்ததும் ஊர்த் தலைவர் தேசப்பன் மாமா பஞ்சாயத்தைக் கூட்டினார். ஒரு பானை வந்தது. பானைக்குள் சீட்டு. அது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலையோடு போனால் மண்டைதான் உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடத்தில் இன்ன வீடு என்று முறை வைத்திருக்கிறோம். இதற்குப் பாடு என்று பெயர். ஊருக்குப் பொதுவாக எது வந்தாலும் அது பாடு. அதில் வாதம் கிடையாது, மீறினால் தண்டம்.

அடுப்பு ஊருக்கு வந்திருக்கிறது. அடுப்பு மூன்று, வீடு முப்பத்தாறு. ஆகவே ஓர் அடுப்பில் ஒரு நாள் ஒரு வீடு. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் பாடு வரும். வாழ்நாளில் ஊதுகுழலை வாயில் வைத்திராத முப்பத்தைந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, யார் என்றைக்குப் புகையில்லாமல் சமைப்பது என்று தீர்மானித்தார்கள்.

அதிகாரி முதலில் பதறினார். பிறகு மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. "அப்போ மூணு அடுப்புக்கு முப்பத்தாறு பயனாளிகளா? ஒரு நாள்கூட அடுப்பு சும்மா இருக்காதா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்படியே எழுதிக்கொண்டு படகேறினார். நகராட்சிச் செய்தித்தாள்வரை வந்து சேர்ந்த முப்பத்தாறு அதுதான்.

அக்காளின் சீட்டில் பதினோராம் நாள் விழுந்திருந்தது.

5

மறுநாள் காலை அஞ்சலை சட்டி பானையோடு வந்து அக்காள் வீட்டுக்குள் புது அடுப்பில் சமைத்தாள். அக்கா வாசலில் மூன்று செங்கல் வைத்து மிலாறைச் செருகி ஊதினாள். இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஊதினாள். லீனா உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை பார்த்தாள். "எல்லாருக்கும் சமம், நியாயம்தான்" என்றாள் டேனிஷில். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இது அநியாயம்" என்றாள். அந்த விஷயத்தில் இன்றுவரை அதைவிடத் தெளிவான கருத்தை நான் கேட்டதில்லை.

நான் தேசப்பன் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, அடுப்பு அக்கா வூட்டுக்குள்ளதானே கீது?"

"ஏரிகூடத்தான் நம்ம பெருமாளு வூட்டாண்ட கீது. அதுக்குன்னு ஏரி பெருமாளுதா?"

"அவளுக்கு மார்ல கோளாறு மாமா. டாக்டரே சொல்லிகீறாரு."

"தெரியும் தம்பி. ஆனா நீ கடுதாசில இன்னா எழுதின? 'நம்ம ஊருக்கு அடுப்பு வருது'ன்னு எழுதின. 'எங்க அக்காளுக்கு அனுப்பறேன்'னு எழுதியிருந்தா, அவ வூட்ல எறக்கிட்டு எங்க வேலயப் பாத்துக்கினு போயிருப்போம். எவன் கேக்கப்போறான்? ஊருக்குன்னு சொல்லிட்ட. ஊருக்குன்னா பாடுதான்."

எட்டு மாதம் கௌரவமாகப் பேசியதன் பலன் அது.

அக்காளும் இதையேதான் பிடித்துக்கொண்டாள். "அத்தினி மாசம் பேசினியாமே, ஒரு வாட்டியாச்சும் என் பேரச் சொன்னியா?"

"அங்க அப்டிச் சொல்லக்கூடாதுக்கா. அது ரூல்சு."

"எங்க அக்கா இருமறான்னு சொல்றதுக்கு இன்னாடா ரூல்சு?"

அன்றே படகில் போய்ப் பழவேற்காட்டிலிருந்து கொத்தனார் காதர் பாயை அழைத்து வந்தேன். அக்காள் வீட்டுப் பின்பக்கம், அஞ்சலை வீட்டுச் சுவரோடு ஒட்டிய சார்ப்பில் இன்னோர் அடுப்பு, என் சொந்தச் செலவில், அக்காளுக்கு மட்டும். பாய் அரசாங்க அடுப்பைச் சுற்றிவந்து பார்த்தார். குழாயைத் தட்டினார்.

"இதுக்கா எட்டு மாசம் மீட்டிங் போட்டீங்க? ரெண்டு நாள் வேலைங்க இது. நாஸ்தாவும் டீயும் வாங்கிக் குடுத்தா போதும், சுருக்கா முடிச்சிடுவேன்."

முடித்தும் கொடுத்தார். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை. குழுவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தீர்மானம் போட மட்டும்தான் தெரிந்திருந்தது.

அடுப்பு காய்ந்ததும் அக்கா முதல் காரியமாகத் தேசப்பன் மாமாவைக் கூப்பிட்டனுப்பினாள். "மாமா, இத்தயும் பாட்டுல சேத்துக்கோ" என்றாள்.

நான் கத்தினேன். இது உனக்கு, ஊருக்கு இல்லை, மாமாவே கேட்கவில்லை, உனக்கென்ன பைத்தியமா என்று என்னென்னவோ கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எம் புருசன் கடல்ல போனப்போ, ஆம்பள இல்லாத வூடுன்னு எங்க பாட்ட அடிச்சாங்களா? அடிக்கல. பெருமாளு எம்பேர்ல வலை போட்டுப் பாதிய வாசல்ல வெச்சிட்டுப் போறான். நாலு வருசமா அந்தச் சோறுதான் துன்றேன். ஏரில பாடு வேணும், அடுப்புல மட்டும் வாணாமா? நீ பாட்டுக்குக் கப்பலேறிடுவ. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இவளுங்க எதுர்ல உக்காந்து மீனு காயவெப்பேன்?"

"அப்ப இருமிக்கினே கெட!" என்றேன்.

சொன்னது நான்தான். பத்து வருடம் கழித்து ஊருக்கு வந்து, என்னைத் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

நாலு அடுப்பு ஆனது. பன்னிரண்டு நாள் ஒன்பது நாள் ஆனது. வடக்கே சுண்ணாம்புக்குளம்வரை இந்தச் செய்தி போய், எங்கள் ஊருக்கும் பாடு அடுப்பு வருமா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள்.

6

ஊரிலிருந்து திரும்பியதும் குழுவில் எல்லாரும் கட்டித் தழுவினார்கள். அந்த முப்பத்தாறை நான் மறுக்கவில்லை. மறுக்கவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் யாராவது கேக்கை நீட்டினார்கள். போன மாதம் அஞ்சலையின் மகள் கைப்பட அக்காளின் கடிதம் வந்தது. ஒன்பது நாளில் ஒரு நாள் சுகமாக இருக்கிறதாம். மற்ற நாட்களில் ராத்திரி படுக்கமுடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறாளாம். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தது.

போன சனிக்கிழமை குழுவின் பத்தாம் ஆண்டு விழா. மேசைக்கு மேசை சின்னக் கொடி, மெழுகுவத்தி. விளக்குகளைச் சிக்கனத்துக்காக அணைத்துவிட்டு நாற்பது மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். எனக்குப் பத்து நிமிடம். தலைப்பு: 'முப்பத்தாறு குடும்பங்கள்.' லீனா என் டேனிஷைத் திருத்திக் கொடுத்திருந்தாள். திருத்தும்போது முதல் வரியில் பென்சிலை வைத்து, "இது பொய் அப்பா" என்றாள். அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்.

எழுந்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். முப்பத்தாறு என்பது பொய் என்றேன். மூன்று அடுப்பு, பிறகு நாலு, ஒன்பது நாளைக்கு ஒரு நாள் என்று நடந்ததைச் சொன்னேன். என் டேனிஷ் வழக்கம்போலத் தடுக்கி விழுந்தது, ஆனால் இந்தமுறை பணிவாகப் போய்ச் சேரவில்லை. யாரும் கைதட்டவில்லை. இன்னும் முப்பத்திரண்டு அடுப்பு வேண்டும் என்று கேட்டேன்.

கிர்ஸ்டன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "சரியாக முப்பத்திரண்டா? அது எப்படி?"

"என் அக்காளுக்கு ஓர் அடுப்பு வேண்டும்."

சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருக்கவேண்டும். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"தனிநபருக்கு உதவக்கூடாது என்று விதி இருக்கிறது, உங்களுக்கே தெரியும்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.

"தெரியும். விதியை மீறவேண்டாம். எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். ஊரில் கடைசி வீட்டுக்கும் அடுப்பு வந்தால்தான் அவள் தன் அடுப்பில் தினமும் உட்காருவாள். அவளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன், முடியவில்லை."

நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, தீர்மானத்தில் பயனாளிகள் எண்ணிக்கை என்ன போடுவது என்று கேட்டார்.

"ஒருத்தி" என்றேன். "பெயர் குப்பம்மா. இருமுகிறாள்."